சைவ வீட்டு நாய்க்குட்டி

கடந்த தவணையின் இறுதி வாரத்தில் ஒருநாள், மணியடித்து வகுப்புக் கலைந்த பின்னரும் ஒரு மாணவன் மட்டும் போகாது நின்றான். பாடத்திற் சந்தேகம் கேட்கப் போகின்றான் போலும் என எண்ணினோம். அவன் கேட்ட வினாவோ எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது.

"சேர், சைவ வீட்டிலை வளருற நாய்க்குட்டிக்கு மச்சம் குடுத்தாற் பாவமே?"

விசாரித்தபோது விடயம் விளங்கிற்று. குட்டிக்கு வயது மூன்றரை மாதம். தாய் ஊர்நாய், தகப்பன் அயல்வீட்டு அல்சேசன். அவர்கள் வீட்டிற் பரம்பரையாகவே மச்சம் புழங்குவதில்லை. அவனுடைய ஆச்சியார் காலையிற் பாலும் பாணும், மதியம் பருப்பும் சோறும், இரவிற் புட்டும் பாலுமாகத் தம் கையாலேயே குட்டிக்கு ஊட்டி வருகின்றார். குட்டியும் வயிறு புடைக்கத் தின்கின்றது. ஆயினும் இரண்டு வாரமாக அதன் முன்னங்கால்கள் வெளிப்புறமாக வளைந்து வருகின்றன. படியேற மறுக்கின்றது, தூக்கினால் அழுகின்றது. "நாவூறு பட்டிட்டுது எண்டு ஆச்சி சொல்லுறா" என்றபோது பையனின் குரல் தழுதழுத்தது.

அன்று மாலையே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லும்படி கூறி அவனை அனுப்பினோம். அனுப்பிய பின் நெடுநேரம் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை. அந்த வளைந்த கால்களை நாம் முன்னரே கண்டிருக்கின்றோம். எமக்குப் பத்து வயதாயிருந்தபோது எமது வீட்டுக்கும் ஒரு மண்ணிறக் குட்டி வந்தது. அதற்குப் பாற்சோறு வைப்பதில் எமக்கும் தங்கைக்கும் நாள்தோறும் போட்டி. ஐந்தாம் மாதத்தில் ஒரு மாலை, விறாந்தைக் குந்திலிருந்து முற்றத்துக்குக் குதித்த அக்குட்டியின் பின்னங்கால் முறிந்தது. ஒரு முழ உயரந்தான் இருக்கும். அதன்பின் அது எழவேயில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலே போட்டு நாவூறு கழித்தார்கள். அதற்கு வேண்டியிருந்தது மிளகாயன்று, மீன்முள் என்பதை நாம் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தோம்.

ஆகவே இவ்வாரம் நாய்க்குட்டியின் உணவைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுதுகின்றோம். பிள்ளைகள் உள்ள வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு என்றேனும் ஒருநாள் ஒரு குட்டி வந்தே தீரும்.

முதலிற் சோற்றை எடுத்துக்கொள்வோம். 3 கிலோ நிறையுள்ள இரண்டு மாதக் குட்டியொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 முதல் 500 வரையான கலோரி வேண்டும். உடல் நிறையோடு ஒப்பிட்டால் இது வளர்ந்த நாயொன்றின் தேவையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இதனை முழுவதும் சோற்றாலேயே நிரப்புவதாயின் 370 கிராம் சோறு வரையிற் கொடுக்கவேண்டும். அதிலே புரதம் 10 கிராமளவே உண்டு. குட்டிக்குத் தேவையானதோ 25 கிராமுக்கு மேல். கல்சியத்தின் கணக்கு இதனினும் மோசமானது. அக்குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் கல்சியம் வேண்டியிருக்க, அத்தனை சோற்றிலும் கிடைப்பது அதன் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. வயிறு நிறைந்துவிடுகின்றது, பசி அடங்கிவிடுகின்றது, வளர்த்தவர் மனமும் குளிர்ந்துவிடுகின்றது. எலும்பு மாத்திரம் பட்டினி கிடக்கின்றது. இரத்தத்திற் கல்சியம் குறையும்போது உடல் தனக்கு வேண்டியதை எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்கின்றது. இதனாலேதான் கால் வளைகின்றது. சிறு தாண்டலிலும் முறிகின்றது.

பால் கொடுக்கின்றோமே என்பர். தாய்நாயின் பாலும் பசுவின் பாலும் ஒன்றல்ல. நாய்ப்பாலிற் புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு, கொழுப்பு 9 பங்கு. பசுப்பாலில் இவை முறையே 3, 4 பங்கு அளவிலேயே உள்ளன. பாலிலுள்ள இலற்றோசு என்னும் வெல்லம் மட்டும் பசுப்பாலிலே கூடுதலாக உண்டு. பால்குடி மறந்த குட்டிக்கு அவ்வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் ஆற்றல் நாளுக்கு நாள் குறைந்து வருவதால், பால் அதிகமானாற் கழிச்சல் உண்டாகும். ஆட்டுப்பால் நல்லதென்று எமது ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. இவ்விடயத்தில் அதுவும் பசுப்பாலுக்குப் பெரிதும் வேறானதன்று. ஒரு கரண்டித் தயிர் கொடுப்பதிற் குற்றமில்லை. எனினும் பாலையே உணவாக நம்பியிருப்பது தவறு.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்லாதிருக்க எம்மால் இயலவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நகரப் பிள்ளைகள் பலர் றிக்கற்சு என்னும் நோயினாற் கால் வளைந்து திரிந்தனர். காரணம் வெயிலின்மை என்பார் சிலர்; காற்றோட்டமின்மை என்பார் வேறு சிலர். இலண்டனில் எட்வேட் மெலன்பி என்னும் ஆராய்ச்சியாளர் நாய்க்குட்டிகளை வீட்டினுள் வைத்து, தானியக் கஞ்சி முதலிய உணவிலேயே வளர்த்துப் பார்த்தார். குட்டிகளின் கால்கள் அப்பிள்ளைகளின் கால்களைப் போலவே வளைந்தன. கொட் மீனின் ஈரலெண்ணெய் கொடுக்கப்பட்ட குட்டிகளுக்கு நோய் வரவில்லை. 1919ஆம் ஆண்டில் அவர் இதனை விரிவாக வெளியிட்டார். அவ்வெண்ணெயில் மறைந்திருந்த பொருளுக்கு 1922இல் அமெரிக்கரான மக்கொலம் விற்றமின் டி எனப் பெயரிட்டார். உலகத்துக் குழந்தைகளின் கால்களை நிமிர்த்திய அறிவு நாய்க்குட்டிகளின் வளைந்த கால்களிலிருந்து பெறப்பட்டது. அந்தக் கடனை நாம் அவற்றுக்கு இன்னமும் தீர்த்தபாடில்லை.

மனிதருக்கு விற்றமின் டியின் பெரும்பகுதியை வெயில் தருகின்றது. நாயின் தோலோ வெயிலிலிருந்து அதனைப் போதிய அளவு ஆக்கவல்லதன்று. எமது முற்றத்து வெயிலில் நாள் முழுதும் புரண்டாலும், நாய் தனக்கு வேண்டிய டியை உணவிலிருந்தே பெறவேண்டும். முட்டை மஞ்சட்கரு, மீன், ஈரல் ஆகியவற்றில் அது உண்டு. பருப்பிலும் சோற்றிலும் இல்லை.

இவ்வளவும் கூறியதனாற் சோறு நஞ்சென்று எவரும் எண்ணற்க. ஆச்சியார் பக்கமும் நியாயமுண்டு. ஓநாயின் வழிவந்த நாய், மனிதனோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அவன் உணவையும் உண்ணப் பழகிக்கொண்டது. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் மரபணுவின் பிரதிகள் ஓநாயில் இரண்டே இருக்க, நாயிற் பல மடங்காகப் பெருகியுள்ளன என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர்கள் 2013இல் எடுத்துக்காட்டினர். நன்றாக வெந்த சோறு நாய்க்குச் சமிக்கும். சோற்றோடு வேறென்ன சேர்கின்றது என்பதே கேள்வி.

இதற்கு மறுகோடியில் நிற்பவரும் உளர். நல்லினக் குட்டியைப் பெருவிலை கொடுத்து வாங்கி, தினமும் முள்ளில்லாத இறைச்சி மாத்திரமே ஊட்டுவோர் தாம் மிகச் சிறந்த உணவைக் கொடுப்பதாக நம்புகின்றனர். இறைச்சியிற் புரதம் உண்டு. கல்சியம் மிகச் சொற்பம். கல்சியமும் பொசுபரசும் ஏறக்குறைய சமமாகவோ, கல்சியம் சற்றுக் கூடுதலாகவோ இருக்கவேண்டிய இடத்தில், இறைச்சியிலே பொசுபரசு பதினைந்து இருபது மடங்கு மிகுந்திருக்கின்றது. ஆகவே பணக்கார வீட்டுக் குட்டிக்கும் ஏழை வீட்டுக் குட்டிக்கும் ஒரே விதமாகக் கால் வளையக் காண்கின்றோம். இன்னும் சிலர் இதற்கு அஞ்சி, தாமாகவே கல்சியக் குளிசைகளை வாங்கிக் கொடுப்பர். அல்சேசன், லபிரடோர் போன்ற பேரினக் குட்டிகளுக்கு இதுவும் கேடே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல் மிகுதியான கல்சியத்தைத் தள்ளிவிட அறியாது. வந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு எலும்பையும் மூட்டையும் கோணலாக வளர்த்துவிடும்.

அப்படியாயின் என்னதான் கொடுப்பது? வசதியுள்ளோருக்கு எமது விடை சுருக்கமானது. நாய்க்குட்டிகளுக்கென்றே ஆக்கப்பட்ட பொதி உணவை வாங்குக. பொதியின் முகப்பில் உள்ள படத்தைப் பாராது, பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படிக்கவேண்டும். வளர்ச்சிப் பருவத்துக்கோ, வாழ்வின் எல்லாப் பருவங்களுக்குமோ உரிய முழுமையான, சமநிலையான உணவு என்னும் பொருள்படும் வாசகம் அங்கே இருத்தல் வேண்டும். 'வளர்ந்த நாய்க்கு' என்றிருந்தால் அது குட்டிக்கு ஆகாது. பேரினக் குட்டியாயின் பேரினத்தின் வளர்ச்சிக்கும் ஏற்றதென்று குறிக்கப்பட்டிருக்கவேண்டும். சில கடைகளிற் சாக்கைத் திறந்துவைத்து நிறுத்து விற்கின்றார்கள். விலை சற்றுக் குறைவுதான். ஆயினும் சிற்றெழுத்தும் காலாவதித் திகதியும் சாக்கோடு நின்றுவிடுகின்றன. எமது ஈரக் காற்றிலே தானியம் கலந்த உணவிற் பூஞ்சணம் பிடிப்பதும் எளிது. பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். இத்தகைய உணவு கொடுக்கும் வீட்டிற் குட்டியின் தட்டில் விழும் மற்றெல்லாத் தின்பண்டமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. அல்லாவிடிற் காசு கொடுத்து வாங்கிய சமநிலையை நாமே குலைத்தவர்களாவோம்.

எல்லோராலும் பொதி உணவு வாங்க இயலாது என்பதை நாம் அறிவோம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தில் வசதியுள்ளோரும் அதன் விலை கேட்டுத் திகைத்ததை மறக்கவில்லை. வீட்டுப் பானையை நம்பவேண்டியவர்கள் சூடையையோ கீரிமீனையோ வாங்கலாம். குடல் நீக்கிக் கழுவி, பிறசர் குக்கரில் இட்டு, முள் விரலிடையே மாவாக நசியும்வரை அவிக்கவேண்டும். அதனோடு சம அளவு குழைந்த சோறும், ஒரு துண்டுப் பூசணியோ கரட்டோ சேர்த்துப் பிசைந்தால் ஏழைக் குட்டிக்கு அது நல்லுணவு. உப்பும் தூளும் புளியும் அதனுட் செல்லலாகாது. மீனைப் பச்சையாகப் போடுவதும் தவறு. சில மீன்களின் பச்சைத் தசையில் விற்றமின் பி1ஐ அழிக்கும் பொருளுண்டு. கிழமையில் ஓரிரு நாள் சிறு துண்டு ஈரல் சேர்க்கலாம். தினமும் வேண்டாம், விற்றமின் ஏ மிகுந்து தீங்காகும். மீனெண்ணெய்க்கும் இதுவே நியதி. இத்தனை செய்தும் இப்பானையிற் கல்சியமும் நாகம், செம்பு போன்ற சிறு கனியுப்புக்களும் குறையவே செய்யும். ஆதலால் எதை எவ்வளவு கூட்டுவதென்பதைக் குட்டியின் நிறையைக் காட்டி மிருக வைத்தியரிடமே கேட்கவேண்டும். அரைத்த முட்டைக்கோதில் ஒரு தட்டைத் தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. மருந்துக்கடைக்குப் போக வழியில்லாதோர்க்கு அது நல்ல பொருள். எனினும் அளவை வைத்தியரே கூறுதல் வேண்டும்.

இனி, சைவ வீட்டின் சங்கடம். நாய் பூனையைப்போல இறைச்சியன்றி வாழவே இயலாத பிராணியன்று. வளர்ந்த நாயைக் கவனமாக ஆக்கிய மரக்கறி உணவில் வைத்திருத்தல் கூடும். ஆனால் வளருங் குட்டியை வைத்துப் பருப்பிலும் சோற்றிலும் பரீட்சை பார்ப்பதை நாம் ஒப்பமாட்டோம். மூத்தோரின் மனம் புண்படாதிருக்கவேண்டின் பொதி உணவே மிகச் சுலபமான வழி. அதற்குச் சமையலும் இல்லை, சட்டியும் இல்லை. அதுவும் இயலாவிடின் முட்டைக்கு இணங்குக. ஒரு முட்டையிலே 6 கிராம் நற்புரதம் உண்டு; அவித்தே கொடுக்கவேண்டும். நல்லூர்க் கொடியேற்றம் முதல் 25 நாளும் வீட்டில் மச்சம் நிற்கின்றதே என்று குட்டியின் மீனையும் நிறுத்துவோர் உண்டு. விரதம் பிடிப்பவர் நாமேயன்றிக் குட்டியன்று. வளருங் குட்டிக்கு 25 நாள் நீண்ட காலம்.

கொடாதிருக்கவேண்டியவற்றுள் எமது சமையலறைக்கே உரியவை சில உள. வெங்காயமும் உள்ளியும் பச்சையாயினும் வதக்கியதாயினும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைப்பன. குழம்புச் சோறு போடும் வீடுகள் இதனை நினைவிற் கொள்க. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுப்பன. கடையிற் பிளம்ஸ் என்று வாங்கிச் சர்க்கரைப் பொங்கலில் இடுகின்றோமே, அதுதான் இந்த வற்றல். புளியை உண்ட நாய்களுக்கும் இவ்வாறே சிறுநீரகம் பழுதுற்றதை அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2022இல் எழுதினர். இரண்டிலும் பொதுவாயுள்ள தாத்தாரிக்கமிலமே காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. சொக்கிலேற்றும், சீனியற்ற சூயிங்கத்திலுள்ள சைலிற்றோல் என்னும் இனிப்பும் உயிருக்கே உலை வைப்பன. சமைத்த கோழியெலும்பு ஊசியாகப் பிளந்து குடலைத் துளைக்கும். குக்கரில் மாவாகக் குழைந்த சூடைமுள் வேறு, பெரிய மீனின் தலைமுள் வேறு என்பதையும் மறவாதீர்கள்.

கொடுக்கும் முறையைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. தாயை விட்டுப் பிரிக்க எட்டு வாரம் நிறையவேண்டும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பின்னர் இரு வேளை. உணவை மாற்றுவதாயின் ஒரே நாளில் மாற்றாது, ஒரு வாரத்திலே பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டு வருக. சுத்தமான தண்ணீர் எந்நேரமும் பக்கத்தில் இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் உங்கள் நிறையைக் கழித்தாற் போதும். பக்கவாட்டில் விரலால் வருடும்போது விலாவெலும்பு தட்டுப்படவேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியலாகாது.

கொழுத்த குட்டியைக் கண்டு பூரிப்பது எம்மவர் வழக்கம். அமெரிக்காவில் 48 லபிரடோர்க் குட்டிகளை இணையிணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதன் உணவிற் காற்பங்கைக் குறைத்தே ஆயுள் முழுதும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியாயிற்று. மிகுதியாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, அளவோடு உண்டவை 13 ஆண்டு. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

நல்ல உணவு கொடுத்தும் குட்டி மெலிந்து, வயிறு மட்டும் பானைபோல் இருந்தாற் பூச்சியை நினையுங்கள். வட்டப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகின்றது. தாய்ப்பாலின் வழியும் வரும். இரண்டாம் வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தொடங்கி, இரு வாரத்துக்கொரு முறையும், பின் ஆறு மாதம் வரை மாதந்தோறும் கொடுப்பது வழக்கம். முரசு வெளிறியிருந்தால் அது இரத்தம் உறிஞ்சும் கொழுக்கிப் புழுவாகலாம். வட்டப்புழுவின் முட்டை முற்றத்து மண்ணிற் கிடந்து பிள்ளைகளையும் தொற்றுமாதலால் இது குட்டியின் காரியம் மட்டுமன்று. இரத்தம் கலந்த கழிச்சலோடு வாந்தியும் இருந்தாலோ, உணவிற் பிழை தேடிக்கொண்டிராது உடனே வைத்தியரிடம் செல்க.

எமது மாணவனுடைய குட்டியின் செய்தி இது. வைத்தியர் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு மெலிந்திருக்கின்றதெனினும் முறிவொன்றும் இல்லை என்றார். ஓடவும் குதிக்கவும் விடாது ஆறு வாரம் கட்டுக்குள் வைக்கும்படியும், பாலையும் பாணையும் நிறுத்திக் குட்டிக்குரிய பொதி உணவு கொடுக்கும்படியும் சொன்னாராம். வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்திருக்கின்றது. மூன்றாம் நாள் ஆச்சியாரே கிணற்றடிப் பக்கம் மூன்று கல் வைத்து, பழைய அலுமினியச் சட்டியொன்றையும் ஒதுக்கிக் கொடுத்தார். பொதி உணவு முடிகின்ற மாதக் கடைசியில் முட்டை அவிப்பதற்காம். "அந்தச் சட்டி வீட்டுக்குள்ளை வரப்படாது" என்பது மட்டும் அவர் விதித்த நிபந்தனை.

சென்ற வெள்ளிக்கிழமை பையன் ஒரு கடதாசித் துண்டைக் கொண்டுவந்து காட்டினான். ஆறு வாரத்தின் நிறைகள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. கடைசியாக எழுதியிருந்தது 9 கிலோ 400 கிராம். இடது கால் நிமிர்ந்துவிட்டதாம். வலது காலில் இன்னும் சிறிது வளைவு நிற்கின்றது. படியேறுகின்றதா எனக் கேட்டோம். "ஏறுது சேர். ஆச்சி சாமியறையிலை இருந்தால் வாசற்படி மட்டும் ஏறி, அங்கையே படுத்திருக்கும்" என்றான்.